முருங்கை மரம் வரை

ஈஜிபுராவின் அந்தச் சந்தில் சத்தமில்லாமல் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் கோதண்டராமன்தான். மற்றவர்களுடைய வண்டிகள் தெருமுனையிலேயே ஊரைக் கூட்டிவிடும். இவருடைய பழைய ஸ்கூட்டர் மட்டும் மேட்டில் இருக்கிற ரேஷன் கடை முன்னால் வாயை மூடிக்கொள்ளும். அங்கேயே எஞ்சினை அணைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு இறக்கம் பார்த்துக்கொள்ளும். வண்டி இறங்கி வந்து, சமதரையில் வேகம் குறைந்து குறைந்து, வீட்டு கேட்டுக்கு நேராகத் தானாக நிற்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது. காலை ஊன்றித் தள்ளக் கூடாது. அதுதான் விளையாட்டு.

கேட்டில் தமயந்தி நிற்பாள். கையில் கோலமாவுக் கிண்ணம் இருக்கும்.

தமயந்தி குடியாத்தத்துக்காரி. வேலூரில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். காவிரிக் கலவரம் நடந்து ஓய்ந்த கொஞ்ச மாதத்திலேயே பெங்களூர் மாப்பிள்ளை என்று ஜாதகம் வந்தபோது அவளுடைய அப்பா ரொம்பவே தயங்கினார். பெண் பார்க்க வந்த கோதண்டராமனிடமே, அங்கே தமிழ் ஆட்களுக்குப் பயமில்லையா என்று கேட்டும் விட்டார். ராணிப்பேட்டையில் பிறந்து, ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவர் அவர்.

"கல்லு எறிஞ்சவங்களும் எங்க தெருதான் மாமா, கதவத் தொறந்து உள்ள இழுத்துக்கிட்டவங்களும் எங்க தெருதான். எல்லம்மான்னு ஒரு கன்னடக்காரம்மா. அவங்க மாடியிலதான் குடியிருக்கேன். மூணு நாளு எனக்கு ராகி முத்தையா உருட்டிப் போட்டே கொன்னாங்க."

உள்ளே பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வெளியே கேட்டது. அதிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவர் பிற்பாடு சொல்லுவார்.

பெங்களூர் வந்த மறுவருஷம் கோரமங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பி.யூ. கல்லூரியில் (அங்கே பிளஸ் டூவுக்கு அந்தப் பேர்) அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முதல் பாடமே விசையும் இயக்கமும். தமிழ் மீடியத்தில் பள்ளிக்கூடம் படித்தவளுக்குப் பெங்களூர்ப் பிள்ளைகள் முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேச வேண்டுமே என்று பயம். அதனால் முந்தின சாயங்காலமே வீட்டில் ஒத்திகை பார்த்தாள். மாணவர் அவர் ஒருவர்தான். முறத்தில் அவரைக்காயைக் கொட்டி ஆய்ந்துகொண்டே பாடம் கேட்டார்.

"ஓடற பொருள யாரும் தடுக்காத வரைக்கும் அது அதே வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும்."

"அதெப்படி? தள்றத விட்டா நின்னுடும்ல. எங்க ஃபேக்டரி ட்ராலி நின்னுடுதே."

"அது நிக்கலீங்க. நிறுத்துறாங்க. தரை நிறுத்துது, காத்து நிறுத்துது."

"ரெண்டும் இல்லேன்னா?"

"போய்க்கிட்டே இருக்கும்."

"பெட்ரோல் இல்லாமலா?"

"பெட்ரோல் இல்லாமதான்."

அவர் ஒரு அவரைக்காயை முறத்தில் சுண்டிவிட்டு, அது நிற்கிறவரை பார்த்தார். "இத இத்தினி நாளு என்கிட்ட யாருமே சொல்லலியே" என்றார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. ரேஷன் கடையிலிருந்து சத்தமே இல்லாமல் உருண்டு வந்த ஸ்கூட்டர், வீட்டுக்கு நாலைந்து வாசல் முன்னாலேயே காந்தா என்பவளின் தையல் கடைக்கு எதிரே நின்றுபோயிற்று. வண்டி மேல் உட்கார்ந்தபடியே அவர் கத்தினார்:

"டீச்சரம்மா! உன் தரை என்னைய இங்கயே புடிச்சு வெச்சுக்கிச்சு!"

அவள் ஓடிப்போய் முன்சக்கரம் நின்ற இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வைத்தாள். அன்றைக்குத் தொடங்கியது.

டயரில் காற்றைச் சரிபார்த்தார். சக்கரத்து பேரிங்கைப் பிரித்துப் புது கிரீஸ் வைத்தார். உரசிக்கொண்டிருந்த பிரேக்கைச் சரிசெய்தார். ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி ஒரு முழம், அரை முழம் என்று வீட்டை நோக்கி நகர்ந்து வந்தது. கேட்டுக்கு நேராக வந்து நின்ற முதல் நாள், காலை ஊன்றினால் கணக்கில் சேராது என்று வீம்பு பிடித்து அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். விழுந்து கிடந்தபடியே, "புள்ளி வை, புள்ளி வை" என்றார்.

கீழ்வீட்டு வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனப்பா இது, நல்லாதானே இருந்தே? தமயந்தி, உன் புருஷன் பாரீ ஜிபுணன்டீ! பெட்ரோல் மிச்சம் புடிக்க மேட்லேருந்து உருண்டு வர்றான் பாரு. இவனுக்குப் பொண்ணு குடுத்தாங்களே உங்க ஊர்ல!"

பெரிய கஞ்சன் என்ற அந்தப் பேர் அவருக்குத் தெருவில் நிலைத்துவிட்டது. காந்தாவின் கடைக்குத் துணி தைக்க வருகிறவர்கள்கூட, "பெட்ரோல் சார் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். தமயந்திக்குக் கோபம் வரும். அவருக்கு வராது.

"சொல்லிட்டுப் போறாங்க. நாம என்னா விளையாடறோம்னு நமக்குத் தெரிஞ்சா போதும்."

குழந்தை பிறக்கவில்லை. இரண்டு முறை வந்து தங்காமல் போயிற்று. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில், சாயங்காலமானால் அவர் வாசலிலிருந்து மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "யாராவது வந்து புள்ளி வெச்சாதான் நான் வண்டிய விட்டு எறங்குவேன்." சில நாள் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவள் எழுந்து வந்தாள்.

அந்த விளையாட்டில் ஒரே ஒரு கேள்வி தீராமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மடிவாளா மார்க்கெட்டிலிருந்து இரண்டு பேருமாக வருவார்கள். அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து மடியில் காய்கறிப் பையை வைத்திருப்பாள். அப்போதும் அதே ரேஷன் கடையில்தான் எஞ்சினை அணைப்பார். ஆனால் வண்டி கேட்டில் நிற்காது. கேட்டைத் தாண்டி, எல்லம்மா வீட்டுச் சுவரைத் தாண்டி, அடுத்த மனையின் ஓரத்தில் இருக்கும் முருங்கை மரத்தடியில் போய்த்தான் நிற்கும்.

"இது என்னா கணக்கு?" என்றார் அவர். "வெயிட் ஜாஸ்தின்னா ரோடு ஜாஸ்தியா புடிக்கணும்ல? முன்னாடியே நின்னுருக்கணும்."

"புடிக்கும். ஆனா எறக்கத்துல இழுக்கறதும் அதே அளவு ஜாஸ்தி ஆகும். ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிடும். ஒருத்தர் வந்தாலும் ரெண்டு பேர் வந்தாலும் ஒரே எடத்துலதான் நிக்கணும்."

"நிக்கலியே."

"மேலேருந்து வர்றப்ப நீங்க கொஞ்சம் உந்தி வுட்டிருப்பீங்க."

"உம்மேல சத்தியமா இல்ல."

அவள் பேப்பர் எடுத்து எழுதிக் காட்டினாள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை வந்தது. இரண்டையும் அடித்தாள். "பாருங்க, நிறைங்கறதே கணக்குல இல்ல."

அவர் அடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அதான் விஷயம். உன் ஃபார்முலாவுக்கு நீ யாருன்னு தெரியல. வந்து உட்கார்ந்ததும் உன்ன அடிச்சுப் போட்டுடுது."

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துவது, குடிதண்ணீர் வராத நாட்கள், அவளுடைய அப்பாவின் காரியம் என்று ஏதாவது வந்துகொண்டேயிருந்தது. அவர் எப்போதாவது முருங்கை மரத்தடியில் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்து, "யோசிச்சியா?" என்பார். "யோசிக்கிறேன், யோசிக்கிறேன்" என்று இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

1998 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. இருட்டு கவிகிற நேரம், தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. ரேஷன் கடை விளக்கின் கீழே அவர் வந்து நிற்பதைத் தமயந்தி கேட்டிலிருந்து பார்த்தாள். எஞ்சின் அடங்கியது. அவர் காலைத் தூக்கி வைத்தது இங்கிருந்தே தெரிந்தது. வண்டி நகர்ந்தது. அப்போது கரண்ட் போயிற்று.

அந்த ஸ்கூட்டரில் பாட்டரி கிடையாது. எஞ்சின் சுழன்றால்தான் முன்விளக்கு எரியும். வருஷா வருஷம் இரண்டாம் பி.யூ. வகுப்பில் காந்தமும் கம்பிச்சுருளும் வரைந்து அதை நடத்துகிறவளுக்குத் தெரியாததல்ல. கரண்ட் இல்லாத நாளில் எஞ்சினை அணைக்காமல்தான் வருவார். அது அவர்களுக்குள் பேச்சு. ஆனால் பாதி இறக்கத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை.

இறக்கத்தின் நடுவே வலதுபக்கம் ஒரு குறுக்குத் தெரு. அதில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு ஒரு டேங்கர் லாரி பின்பக்கமாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று "பர்லி, பர்லி", வரட்டும் வரட்டும் என்று கை காட்ட வேண்டிய கிளீனர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. டிரைவர் தெருமுனையில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் காது கொடுத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தான்.

தமயந்தி இருட்டைப் பார்த்துக்கொண்டு கிண்ணத்தோடு நின்றாள். சமதரைக்கு வந்திருப்பார், இதோ காந்தாவின் கடையைத் தாண்டியிருப்பார் என்று மனதுக்குள் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தாள். மேலே தகரம் நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தபோது அது வேறு யாருடையதோ என்றுதான் நினைத்தாள். அவருக்குத்தான் சத்தமே கிடையாதே.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலேயே அவர் போய்விட்டார்.

கேஸை நடத்தியவர் அவருடைய அண்ணன் ஏகாம்பரம். ராணிப்பேட்டையில் தோல் மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். தம்பி செத்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. வாய்தா நாளெல்லாம் பஸ் பிடித்து வந்துவிடுவார். டேங்கர் டிரைவர் பெயர் பிரபா. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். அவன் வக்கீல் சொன்ன கதை வேறாக இருந்தது: ஸ்கூட்டர்க்காரர் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து நின்றிருந்த லாரி மேல் மோதினார்.

அவர் வந்ததைப் பார்த்த சாட்சி என்று இருந்தவள் தமயந்தி ஒருத்திதான். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஏகாம்பரம் அவளை அரசு வக்கீலிடம் கூட்டிப்போனார். வக்கீல் ரொம்ப சுருக்கமாகப் பேசினார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. லைட் எரிஞ்சுதுன்னு சொல்லுங்க. லைட் எரிஞ்சும் அவன் பாக்காம ரிவர்ஸ் எடுத்தான். முடிஞ்சுது."

வெளியே வந்ததும் ஏகாம்பரம் சொன்னார்: "அதிகமா ஒண்ணும் பேச வேணாம் தமயந்தி. லைட்டு எரிஞ்சுது. அவ்ளோதான். உருட்டிக்கினு வந்தான், புள்ளி வெச்சேன், அதெல்லாம் கோர்ட்டுக்கு எதுக்கு? கேக்கறவன் சிரிப்பான்."

"சரிங்க மாமா" என்றாள்.

அன்றிரவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். லைட் எரிந்தது என்றால் எஞ்சின் ஓடியது என்று ஆகும். எஞ்சின் ஓடியது என்றால் அன்றைக்கு வந்தவர் தெருவில் எல்லோரும் வருகிற மாதிரி வந்த யாரோ ஒருவர். ரேஷன் கடை விளக்கடியில் காலைத் தூக்கி வைத்தாரே, அவளை நோக்கிக் கடைசியாக உருண்டு வந்தாரே, அது நடக்கவே இல்லை என்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். லைட் எரியவில்லை என்றாலோ, அவர் சாவுக்கு அவரே காரணம் என்று ஆகிவிடும். அவர் அண்ணன் முகத்தில் இனி விழிக்க முடியாது.

மறுநாள் கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்டார், விளக்கு எரிந்ததா என்று.

"இல்ல சார். எஞ்சின் ஆஃப் பண்ணிட்டுதான் வந்தார். அந்த வண்டியில எஞ்சின் ஓடலேன்னா லைட் எரியாது."

பின்னால் பெஞ்சில் ஏகாம்பரம் அசைந்தது அவளுக்குக் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவருக்கு எதிர்பாராத விருந்து.

"அப்ப இருட்டுல, லைட் இல்லாம, அவ்வளவு வேகமா வந்தார்?"

"வேகமா வரல. எஞ்சின் இல்லாம வந்தா அந்த எடத்துல எங்க வண்டி ஒரு ஆள் ஓடற வேகத்துக்கு மேல போகாது. நான் அஞ்சு வருஷமா பாத்திருக்கேன்."

"படிச்சவர், சூப்பர்வைசர். எறக்கத்துல எதுக்கு எஞ்சின ஆஃப் பண்ணணும்? பெட்ரோல் மிச்சம் பண்ணவா?"

"இல்ல."

"வேற எதுக்கு?"

அவள் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "வண்டி தானா வந்து எங்க வீட்டு கேட்டுக்கு நேரா நிக்கணும்னு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு பெஞ்சு தாண்டிப் போயிற்று. நீதிபதி சிரிக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் நிறையக் கேஸ்கள் இருந்தன. தட்டெழுத்தாளரிடம் திரும்பிக் கன்னடத்தில் சொன்னார்: பெட்ரோல் மிச்சப்படுத்தும் பொருட்டு எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்.

"சார், அது காரணமில்ல" என்றாள் தமயந்தி.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கடுமையான முகம் இல்லை. "அம்மா, இதரல்லி ஏனு வியத்யாச? எப்படியும் எஞ்சின் ஆஃப்தானே?"

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கேஸ் கட்டை எடுத்தார். தட்டெழுத்து முடிந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினாள்.

கோர்ட் வாசலில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தார்.

"என் தம்பியக் கஞ்சப்பயன்னு கோர்ட்ல எழுத வெச்சிட்டியே. பெட்ரோலுக்குச் செத்தான்னு எழுதிட்டானுங்க. லைட்டு எரிஞ்சுதுன்னு ஒரு வார்த்த. அதுக்கு மேல உன்ன யாரு கேட்டா?"

"மாமா..."

"இருட்டுல அவன எதிர்பார்த்துக்கினு நீ நின்ன. அதுக்குதான் அவன் அப்படி வந்தான். இப்ப சந்தோஷமா?"

அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவுமில்லை.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரபா வந்தான். அவனுடைய வக்கீல் கையை ஆட்டி வேண்டாம் என்று கூப்பிட்டதையும் கேட்காமல் வந்து, இரண்டடி தள்ளியே நின்றான்.

"அம்மா, வக்கீல் எழுதிக் குடுத்தபடிதான் நான் சொன்னேன். நின்ன லாரி இல்லம்மா அது. ஆனா சத்தியமா எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, தலைய வெளிய நீட்டிக் கேட்டேம்மா. ஒரு சத்தமும் வரல. சத்தம் வந்திருந்தா..." முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியும்பா" என்றாள் தமயந்தி. "அவர் வந்தா சத்தம் வராது."

பிரபா விடுதலையானான். தீர்ப்பு நாளில் அவள் போகவில்லை, வகுப்பு இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த ஸ்கூட்டரை ஏகாம்பரம் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். அவள் மறுக்கவில்லை.

கல்லூரியில் அந்தப் பாடத்தை மட்டும் அவள் தொடுவதில்லை. உடன் வேலை பார்த்த பவுலின், கேட்காமலே புரிந்துகொண்டவள், ஜூன் மாதம் வந்தால், "சாய்தளம், உராய்வு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வெப்பத்தை எடுத்துக்கோ" என்றுவிடுவாள். இரண்டு ஜூன்கள் அப்படிப் போயின. 2001-இல் பவுலினின் கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்து அவள் போய்விட்டாள். அந்த ஜூனில் பாடம் தமயந்தியிடமே திரும்பி வந்தது.

போர்டில் ஒரு சரிவை வரைந்தாள். அதன் அடியில் நீளமாக ஒரு சமதரைக் கோடு. சரிவின் உச்சியில் ஒரு சின்னச் சதுரம். அதை விட்டால் சமதரையில் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதுதான் கணக்கு. கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போயிற்று. இரண்டு பக்கமும் நிறை வந்தது. அடித்தாள். "ஆகவே நிற்கிற தூரத்துக்கும் நிறைக்கும் சம்பந்தமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

முன்பெஞ்சில் ஆஞ்சலா என்ற பெண் கையைத் தூக்கினாள். கான்ட்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வந்துவிடுவாள்.

"மேடம், பட்... எங்க ரோட்ல நான் சைக்கிள்ல தனியா எறங்கினா சர்ச் காம்பவுண்ட் கிட்டயே நின்னுடும். டபுள்ஸ் வந்தா இன்னும் தூரம் போகுது மேடம்."

"டபுள்ஸ்ல யாரு, அதச் சொல்லுடீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு குலுங்கியது.

"எங்க அக்காதான், மூடிட்டு இரு! மேடம், நிஜமா போகுது."

"மேலேருந்து வர்றப்ப நீ கொஞ்சம் உந்தி..."

வாய் பாதியில் நின்றது. வகுப்பு மெல்ல அடங்கியது. தமயந்தி போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அடித்திருந்த அந்த இரண்டு எழுத்துகளையும் பார்த்தாள். தரை எடைக்குத் தகுந்த மாதிரிதான் பிடிக்கிறது; அது சரி. ஆனால் நிறுத்துகிறது தரை மட்டுமா? தரை நிறுத்துது, காத்து நிறுத்துது என்று அவரைக்காய் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து சொன்னவள் அவள்தானே. பேப்பரில் எழுதிக் காட்டியபோது காற்றை விட்டுவிட்டாள். புத்தகத்தில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது, அவளும் விட்டுவிட்டாள். பின்னால் ஒருத்தி ஒதுங்கி உட்கார்ந்துகொண்டதால் எதிர்க்காற்று பெரிதாக ஒன்றும் கூடிவிடுவதில்லை. ஒருவரைத் தடுக்கிற அதே காற்றுதான். அந்தக் காற்றால் இரண்டு பேரை அவ்வளவு சுலபத்தில் நிறுத்த முடியாது. 

இவ்வளவுதான். இரண்டு வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கலாம். வண்டி நின்றதும் திரும்பிப் பார்ப்பாரே, அப்போது சொல்லியிருக்கலாம்.

"மேடம்?" என்றாள் ஆஞ்சலா.

தமயந்தி சதுரத்துக்கு எதிரே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, காற்று என்று எழுதினாள். அடித்திருந்த நிறையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் திரும்ப எழுதினாள். சாக்பீஸ் ஒருமுறை கீச்சென்றது.

"நீ சொல்றது சரி" என்றாள். "நான்தான் தப்பு. இன்னொருத்தர் பின்னால உட்கார்ந்தா கூடத் தூரம்தான் போகும்."

"எவ்ளோ தூரம் கூட மேடம்?"

தமயந்தி சமதரைக் கோட்டில் ஓரிடத்தில் சிறியதாக ஒரு கேட் வரைந்தாள். அதற்கப்பால் ஒரு சுவர். அதையும் தாண்டிச் சாக்பீஸை நிறுத்தி, அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள்.

"முருங்கை மரம் வரைக்கும்" என்றாள்.